மாமாவின் ஆபீஸைக் காலி செய்தோம்: 120 கிலோ தாள், 4 டிஸ்க், ஒரு நீல டிரம்

தீபாவளிக்கு மறுநாள் காலை வாசல் பெருக்கிக்கொண்டிருந்த அத்தை, விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரு தாளை எடுத்து வந்து மாமாவிடம் நீட்டினார். வெடிக் குப்பை. எங்கள் சிவகாசிக்காரர்களுக்கு இது புதிதில்லை. வெடிக்குச் சுற்றுகிற தாள் எங்கெங்கிருந்தோ வரும்; பழைய பாடப்புத்தகம், தினசரி, யாரோ ஒரு பிள்ளையின் விடைத்தாள். இது பேங்க் ஸ்டேட்மென்ட். ஓரமெல்லாம் கருகியிருந்தது. நடுவில் பெயர், 11 இலக்கக் கணக்கு எண், ஒரு செக்கின் தொகை. மூன்றையும் கண்ணாடி போடாமலே படிக்க முடிந்தது.

மாமா 31 வருடம் டாக்ஸ் கன்சல்டன்டாக இருந்தவர். அந்த வருடத்தோடு ஆபீஸை மூடுவதாக முடிவு. பழைய ஃபைல்களை அள்ளிப் போக பேப்பர் கடைக்காரரிடம் கிலோ 12 ரூபாய்க்குப் பேசி முடித்திருந்தார். கருகிய தாளை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார். "மாப்ள, கடைக்காரருக்கு ஃபோன் போட்டு இப்ப வர வேணாம்னு சொல்லிரு" என்றார்.

கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ரெண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஏழு வாரம் ஆயிற்று.

முதல் வாரம் முழுக்கப் பிரித்தெடுக்கும் வேலை. எல்லாவற்றையும் அழித்துவிடவும் முடியாது. வருமான வரிக்கான கணக்குகளை அப்போதைய விதிப்படி அசெஸ்மென்ட் ஆண்டு முடிந்து 6 வருடம் வைத்திருக்க வேண்டும். ஜிஎஸ்டி என்றால் ஆண்டு ரிட்டர்னின் கெடு நாளிலிருந்து 72 மாதம். கம்பெனிக் கணக்கு 8 நிதியாண்டு. மேல்முறையீட்டில் கிடக்கிற கேஸ் எதையும் தொடக்கூடாது. மாமா இதையெல்லாம் விரல் விட்டு எண்ணிவிட்டு, "எதுக்கு வம்பு, 10 வருஷத்துக்கு உள்ள இருக்கறதை அவங்கவங்க கையிலயே குடுத்துருவோம்" என்றார். ஒரிஜினல் பத்திரம், பார்ட்னர்ஷிப் டீடு மாதிரி எது கிடைத்தாலும் உரியவரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார். 2003-ல் தொலைந்துபோனதாக ஒருவர் தேடிக்கொண்டிருந்த பத்திரம் அவருடைய தம்பி ஃபைலுக்குள் இருந்தது. அது தனிக்கதை.

மிச்சம் 210 கிலோ. அதில் சர்க்குலர், பட்ஜெட் மலர், பழைய வரிச் சட்டப் புத்தகம், எழுதாத படிவம் என்று 90 கிலோ. அது பேப்பர் கடைக்கு. அழிக்க வேண்டியது 120 கிலோ.

முதல் யோசனை, கொளுத்திவிடுவது. ஊரைச் சுற்றிப் பட்டாசு ஆலையை வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் 120 கிலோ தாளைக் கொளுத்துகிற தைரியம் எனக்கில்லை. தவிர, கட்டாக நெருப்பில் போட்ட தாள் ஓரம்தான் எரியும், காற்றுப் புகாத நடுப்பக்கம் பழுப்பேறிப் பிழைத்துக்கொள்ளும். எரிந்து பறக்கிற பக்கம் பக்கத்து வீட்டில் போய் உட்காரும். அத்தை கொண்டுவந்து காட்டியதே அப்படித் தப்பித்த ஒன்றுதான்.

"கையால நாலா கிழிச்சாப் போதாதா?" என்று அத்தை கேட்டார். இதற்குப் பழைய கிழக்கு ஜெர்மனி பதில் வைத்திருக்கிறது. 1989 கடைசியில் ஆட்சி ஆட்டம் காணத் தொடங்கியதும், அங்கே ஸ்டாசி என்ற உளவுத்துறையில் தாள் நறுக்கும் மெஷின்கள் தாங்காமல் பழுதாகின. ஊழியர்கள் கையால் கிழித்துக் கிழித்து மூட்டை கட்டினார்கள். சுமார் 16,000 மூட்டை மிஞ்சியது. 1995-லிருந்து ஆட்களை உட்காரவைத்துத் துண்டுகளை ஒட்டத் தொடங்கினார்கள். கையாலேயே 500 மூட்டைக்கு மேல் ஒட்டியிருக்கிறார்கள். கிழித்த கையோடு ஒரே மூட்டையில் போட்டதால் ஜோடித் துண்டுகள் பக்கத்திலேயே கிடந்தன. அத்தை "ஆத்தாடி" என்றார்.

சரி, தாள் நறுக்கும் மெஷினான ஷ்ரெடர் வாங்குவோம். ஆறாயிரத்துச் சொச்சத்துக்கு, நீளத்திலும் குறுக்கிலும் வெட்டுகிற கிராஸ் கட் மெஷின் ஒன்று வாங்கினேன். வாங்கப் போகிறவர்கள் பெட்டியில் ஒன்றை மட்டும் பாருங்கள். டின் 66399 என்று ஜெர்மானியத் தரம் ஒன்று இருக்கிறது. தாளுக்கு பி-1 முதல் பி-7 வரை ஏழு படி; எண் ஏற ஏறத் துண்டு சின்னதாகும். 2018-ல் இதுவே ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. விலை மலிந்த ஸ்ட்ரிப் கட் மெஷின்கள் பெரும்பாலும் பி-2. அதாவது 6 மில்லிமீட்டர் அகல நாடா. ஒரு ஏ4 தாள் 35 நாடாவாகும், வரிசையாக அடுக்கினால் படித்துவிடலாம். 1979-ல் டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தைக் கைப்பற்றியவர்கள் இப்படி நாடா நாடாவாகக் கிடந்த ரகசியத் தாள்களை ஆள் வைத்து ஒட்டி, புத்தகமாகவே போட்டார்கள். நான் வாங்கியது பி-4. துண்டு 4-க்கு 40 மில்லிமீட்டர். ஒரு ஏ4 தாள் 390 துண்டாகும். வீட்டுக்கு, சின்ன ஆபீஸுக்கு இதற்குக் கீழே இறங்க வேண்டாம் என்பது என் கட்சி.

மெஷினைப் போட்ட முதல் நாளே கணக்கு இடித்தது. ஒரு தடவைக்கு 8 தாள் என்று பெட்டியில் போட்டிருந்தது. எட்டு வைத்தால் முனகுகிறது, ஆறேழுதான் சரி. 5 நிமிடம் ஓடியதும் சூடாகி நின்றுவிடும், அப்புறம் 25 நிமிடம் ஓய்வு. 75 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 75 கிராம்) ஏ4 தாள் கிலோவுக்கு 213 நிற்கும். இப்படி ஓட்டினால் மணிக்கு 280 தாள், அதாவது 1.3 கிலோ. 120 கிலோவுக்கு 92 மணி நேரம். முதல் நாள் அவசரப்பட்டு ஓய்வு கொடுக்காமல் ஓட்டப் பார்த்ததில் பிளாஸ்டிக் தீயும் வாசனை வந்து அரை மணி நேரம் ஜன்னலைத் திறந்து வைத்தோம்.

ஆகவே தாளை இன்னொரு தடவை பிரித்தோம். ஆதார் ஜெராக்ஸ், பான் ஜெராக்ஸ், பாஸ்போர்ட் நகல், கையெழுத்துப் போட்ட வெற்று செக், ஃபார்ம் 16, பேங்க் ஸ்டேட்மென்ட். இவை 24 கிலோ, மெஷினுக்கு. மற்ற லெட்ஜர் பிரின்ட், பில் நகல், வேலைத்தாள் எல்லாம் 96 கிலோ.

பான் ஜெராக்ஸை ஏன் முதல் வரிசையில் வைத்தேன் என்றால், அதில் எண்ணும் பிறந்த தேதியும் ஒரே முகத்தில் இருக்கின்றன. வருமான வரி இணையதளத்தில் இறக்குகிற ஏஐஎஸ் (ஆண்டுத் தகவல் அறிக்கை) கோப்புக்குக் கடவுச்சொல் என்ன? சின்ன எழுத்தில் பான் எண், அதை ஒட்டிப் பிறந்த தேதி. ஒருவருடைய வட்டி வருமானம், பங்கு விற்றது, நிலம் வாங்கியது எல்லாம் அந்தக் கோப்பில் இருக்கும். மாமாவின் கம்ப்யூட்டரில் பூட்டும், அலமாரியில் சாவியும் இருந்தன.

96 கிலோவுக்கு எனக்கு ஒரு அபாரமான யோசனை வந்தது. சிவகாசியில் இருந்துகொண்டு தாள் வெட்ட மெஷினுக்குப் பஞ்சமா? நண்பன் பிரஸ்ஸில் கட்டிங் மெஷின் இருக்கிறது. ஒரு கட்டு ஃபைலை வைத்து அமுக்கினால் வெண்ணெய் மாதிரி வெட்டும். "கொண்டா, ஆனா ஒரே ஒரு பின் இருந்தாலும் பிளேடு போச்சு, சாணை பிடிக்கிற காசு உன் பொறுப்பு" என்றான். அதனால் பின் பிடுங்கும் படலம். ஸ்டேப்ளர் பின், குண்டூசி, ஜெம் கிளிப், டேக்கின் தகர முனை. நானும் அத்தையும் டிவி பார்த்துக்கொண்டே நாலு ராத்திரி பிடுங்கினோம். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றரை நிரம்பியது.

முதல் கட்டை வைத்து 1 சென்டிமீட்டர் அகலத்துக்கு வரிசையாக வெட்டினோம். பார்க்கப் பிரமாதமாக இருந்தது. பக்கத்தில் நின்ற மாமா, ஒவ்வொரு குவியலிலிருந்தும் மேல் நாடாவை மட்டும் எடுத்து மேஜையில் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்தார். 21 நாடா. ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. "இந்தா, 1998 டிரேடிங் அக்கவுன்ட். கிளோசிங் ஸ்டாக் கூட டேலி ஆகுது" என்றார். பிரஸ் பையன் சிரித்துவிட்டான்.

ஷ்ரெடர் செய்கிற பாதி வேலை கலைத்துப்போடுவது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதன் தொட்டியில் துண்டுகள் சிதறி விழுகின்றன. கட்டிங் மெஷினில் வரிசை அப்படியே நிற்கிறது. மேலேயிருப்பது மேலே, பக்கத்திலிருப்பது பக்கத்தில். அப்புறம் நாடாக் கட்டைத் திருப்பி வைத்து 2 சென்டிமீட்டருக்குக் குறுக்கே ஒரு வெட்டு. ஒரு துண்டு 200 சதுர மில்லிமீட்டர். பி-3 படிக்கு உச்ச வரம்பு 320. நாலு கிளையன்ட் தாளை ஒரே சாக்கில் கொட்டி, வாயைக் கட்டி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து நெல் புடைக்கிற மாதிரிக் குலுக்கினோம். ரெண்டு ஞாயிற்றுக்கிழமையில் பிரஸ் வேலை முடிந்தது.

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் 2011-ல் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான தார்பா, நறுக்கிய தாளை ஒட்டுகிற போட்டி ஒன்று வைத்தது. பரிசு 50,000 டாலர். ஐந்து புதிரையும் ஒரு சின்னக் குழு, தாங்களே எழுதிய மென்பொருளை வைத்து 33 நாளில் முடித்தது. மாமாவின் கிளையன்ட் லெட்ஜருக்கு எவனும் அவ்வளவு மெனக்கெட மாட்டான், தெரியும். இருந்தாலும் கூழாக்கிவிட்டால் நிம்மதி என்று தோன்றியது.

200 லிட்டர் நீல டிரம் ஒன்று கொண்டுவந்தேன். அத்தை ஒரே வார்த்தையில் நிறுத்தினார்: "தண்ணி?" சரியான கேள்விதான். லாரித் தண்ணி வாங்குகிற ஊரில் பேப்பரை ஊறவைக்க நல்ல தண்ணியா? வாஷிங் மெஷின் கழிவுத் தண்ணியைப் பிடித்து வைத்தோம். அது நல்லதாகவே போயிற்று. சோப்புத் தண்ணியின் காரத்தில் தாள் நார் சீக்கிரம் உப்பிப் பிரிகிறது.

ஒரு டிரம்முக்கு 8 கிலோ தாள்தான் தாங்கும், அதற்கு மேல் போட்டால் கலக்க முடியாது. முதல் தடவை, வெட்டிய துண்டுகள் ஒட்டிக்கொண்டு சீட்டுக்கட்டு மாதிரி கிடந்ததை அப்படியே போட்டுவிட்டேன். மூன்று நாள் கழித்து ஒரு கட்டைப் பிளந்தால் நடுவில் காய்ந்த தாள். அதிலிருந்து உதிர்த்துவிட்டுப் போடப் பழகினேன். ரெண்டு நாள் ஊறல், அப்புறம் டிரில் மெஷினில் பெயின்ட் கலக்குகிற கம்பியை மாட்டிப் பத்து நிமிடம் அடித்தால் இட்லி மாவுப் பதத்துக்கு வரும். லேசர் பிரின்டரின் டோனர் பிளாஸ்டிக் என்பதால் கரையாது. எள் தூவின மாதிரி கறுப்புப் பொடியாக மிதக்கும், எழுத்தாக இராது. நாலாம் நாள் தாண்டினால் நாற்றம் தாங்காது. மூடி இல்லாமல் வைத்தால் கொசு. பழைய வேட்டியில் வடிகட்டி அதே தண்ணியை அடுத்த தவணைக்குப் பயன்படுத்தினோம். மொத்தம் பன்னிரண்டு தவணை. பிழிந்த கூழ் உருண்டைகள் மொட்டை மாடியில் காய்ந்து கல் மாதிரி ஆயின. லேமினேஷன் போட்ட அட்டைகள் மட்டும் எதற்கும் அசையவில்லை, கத்தரிக்கோல்தான்.

தாள் ஊறுகிற நாட்களில் டிஸ்க் வேலை. 500 ஜிபி டெஸ்க்டாப் டிஸ்க் ஒன்று, 80 ஜிபி பழைய டிஸ்க் ஒன்று, லேப்டாப் டிஸ்க் ஒன்று, 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று, பென் டிரைவ் பதினொன்று.

500 ஜிபி டிஸ்க்கை "அதைப் போன வருஷமே ஃபார்மேட் பண்ணியாச்சு மாப்ள" என்றார் மாமா. சர்வீஸுக்கு வந்த ஒருவர் செய்து கொடுத்தாராம். என் லேப்டாப்பில் மாட்டி ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டேன். அது கோப்பின் பெயரையோ ஃபோல்டரையோ தேடாது. டிஸ்க்கை முதலிலிருந்து படித்துக்கொண்டே போய், இங்கே ஒரு பிடிஎஃப் தொடங்குகிறது, இங்கே ஒரு படம் தொடங்குகிறது என்று தலையெழுத்தை வைத்தே பிடிக்கும். இருபது நிமிடத்தில் 3,000 பிடிஎஃப் தாண்டிவிட்டது. ஒன்றைத் திறந்தேன். மாமா தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவருடைய சொந்த ரிட்டர்ன்.

குவிக் ஃபார்மேட் புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழித்துப் போடுகிறது. பக்கங்கள் அப்படியே இருக்கும். விண்டோஸில் டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக் கருவிக்குள் போய் "கிளீன்" என்று கொடுத்தாலும் இதே கதை. "கிளீன் ஆல்" என்று கொடுத்தால்தான் ஒவ்வொரு செக்டராகப் பூஜ்யம் எழுதும். டிஸ்க் எண்ணை மாற்றிக் கொடுத்துவிட்டால் உங்கள் சொந்த டிஸ்க் போய்விடும். நான் வேறு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்து என்வைப் என்ற நிரலை ஓட்டினேன். ஒரு சுற்றுப் பூஜ்யம், பிறகு ஒரு சுற்றுச் சரிபார்ப்பு. 35 சுற்று எழுத வேண்டும் என்று இன்னும் சிலர் சொல்வார்கள். அது 1996-ல் கணினிப் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் பீட்டர் குட்மன் அந்தக் காலத்து டிஸ்க் வகைகள் அத்தனைக்கும் சேர்த்துச் சொன்ன கணக்கு. இப்போதைய காந்த டிஸ்க்குக்கு ஒரு சுற்றே போதும் என்பதுதான் அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட்டின் 800-88 வழிகாட்டியின் நிலை. நேரடியாக சாட்டா கேபிளில் மாட்டியதால் எழுத ஒன்றரை மணி, சரிபார்க்க இன்னொரு ஒன்றரை மணி. பழைய யுஎஸ்பி பெட்டியில் மாட்டியிருந்தால் ராத்திரி முழுக்க ஓடியிருக்கும். மறுபடி ஃபோட்டோரெக். ஒரு கோப்பும் இல்லை.

சுழலும் தட்டு இல்லாமல் சில்லில் சேமிக்கிற எஸ்எஸ்டிக்கு இந்த முறை ஒத்துவராது. தேய்மானம் பரவ வேண்டும் என்பதற்காக அது நாம் எழுதச் சொன்ன இடத்தில் எழுதாமல் வேறு செல்லில் எழுதும், பழையது மறைவில் நிற்கும். அதற்கென்று டிஸ்க்கின் உள்ளேயே இருக்கிற செக்யூர் இரேஸ் கட்டளையைக் கொடுத்தேன். "ஃப்ரோசன்" என்று முரண்டு பிடித்தது. கம்ப்யூட்டரை ஒரு தடவை தூங்கவைத்து எழுப்பினால் அந்தப் பூட்டு விலகும். விலகியது. ஒரு நிமிடத்துக்குள் காலி.

80 ஜிபி டிஸ்க் சுழலவே இல்லை, டிக் டிக் என்று தட்டியது. எழுத முடியாத டிஸ்க்கை உடைக்கத்தான் வேண்டும். டி8 டார்க்ஸ் ஸ்குரூ டிரைவரில் கழற்றினால் உள்ளே கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் அலுமினியத் தட்டு. சுத்தியலால் அடித்து மடக்கினேன். அதே தெம்பில் லேப்டாப் டிஸ்க்கிலும் ஒரு அடி போட்டேன். பட்டென்று தூள். லேப்டாப் டிஸ்க்குகளில் பெரும்பாலும் தட்டு நிஜக் கண்ணாடி. ஒரு சில்லு புருவத்தில் பட்டு ரத்தம். துணிப்பைக்குள் போட்டு, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு அடியுங்கள். நான் இரண்டையும் செய்யவில்லை. அத்தை மஞ்சள் வைத்துவிட்டுத் திட்டினார்.

பென் டிரைவில் செருகுகிற முனையை நசுக்கினால் பயனில்லை, உள்ளே இருக்கிற கறுப்புச் சில்லை உடைக்க வேண்டும். சிடியில் பளபளப்புப் பக்கத்தைக் கீறுவார்கள். தகவல் இருப்பது பெயர் எழுதுகிற பக்கத்துக்கு அடியில்.

இவ்வளவு செய்தும் பயங்கரமான பொருள் கடைசியில் மேஜை டிராயரில்தான் கிடைத்தது. கிளையன்ட்டுகளின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்கள் (பென் டிரைவ் மாதிரி இருக்கும்), பதினான்கு. ஒவ்வொன்றின் முதுகிலும் செல்லோ டேப் ஒட்டி அதைத் திறக்கிற ரகசிய பின் நம்பர். ஒருவர் கையெழுத்தையும் கட்டைவிரலையும் வெட்டிப் பையில் போட்டு வைத்த மாதிரி. பக்கத்தில் சிவப்பு அட்டை நோட்டு, அத்தனை பேரின் போர்ட்டல் கடவுச்சொல்லும் மாமாவின் அழகான கையெழுத்தில். மாமா கொஞ்சம் கூச்சப்பட்டார். "நம்பிக் குடுத்தாங்க, வச்சிருந்தேன்." காலாவதியாகாத ஒன்பதை நேரில் கூப்பிட்டுக் கொடுத்து, பின் நம்பரையும் கடவுச்சொல்லையும் நம் கண்முன்னாலேயே மாற்றச் சொன்னோம். காலாவதியான ஐந்தை இனிஷியலைஸ் செய்து, அதாவது உள்ளே இருந்ததை அழித்து, அவரவரிடம் அனுப்பினோம். சிவப்பு நோட்டு பக்கம் பக்கமாக ஷ்ரெடருக்குள் போனது. அந்த ஒரு நாள் மாமாவே மெஷின் முன்னால் உட்கார்ந்தார்.

எல்லாம் முடிந்தபின் ஒரே ஒரு தாளை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். தொண்ணூறுகளில் அவர் கையால் நிரப்பிய சரல் என்ற வருமான வரிப் படிவம், ஒரு பக்கம். பெயரையும் எண்ணையும் மறைத்துவிட்டால் போச்சு என்று கறுப்பு மார்க்கரால் அவரே அடித்துக் கொண்டுவந்தார். நான் அதை டியூப் லைட்டுக்கு நேரே பின்பக்கமாகத் தூக்கிப் பிடித்தேன். நீல மையில் பெயர் தெளிவாகத் தெரிந்தது, இனிஷியல் உட்பட.

ஸ்கேலும் பிளேடும் எடுத்து மூன்று சதுரங்களை வெட்டி எடுத்தார். ஓட்டை விழுந்த படிவம் இப்போது அவருடைய பீரோவில் இருக்கிறது. வெட்டிய மூன்று துண்டையும் குடித்து முடித்த காபி டம்ளரின் அடியில் போட்டு ஸ்பூனால் நசுக்கிக்கொண்டிருந்தார். சமையலறையிலிருந்து அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, அந்த டம்ளரை அவரே கழுவ வேண்டும் என்று சொல்லிவிட்டார்.